ஈ.பி. அட்டையை எடுங்கள், அப்புறம் மாடிக்குப் போகலாம்: ராமநாதபுரம் கடற்கரையில் சோலார் கணக்கு

போன பங்குனியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சோலார் விற்பனைத் தம்பி எழுதிக்கொடுத்த தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. 3 கிலோவாட் போட்டால் நாளைக்கு 15 யூனிட். வருஷத்துக்கு 5,475 யூனிட். யூனிட் 8 ரூபாய். ஆக, வருஷம் 43,800 ரூபாய் மிச்சம். பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லே வருஷத்துக்கு 24,000 ரூபாய் சொச்சம்தான். கட்டாத பணத்தை எப்படித் தம்பி மிச்சம் பிடிப்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டு மோரைக் குடித்தார்.

அவரைக் குறை சொல்லி ஒன்றும் இல்லை. சோலார் கணக்கை எல்லாரும் வெயிலில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் வெயிலைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். வாலிநோக்கத்தில் கடல்நீரை உப்பாக்குவது அந்த வெயில்தான். 2016-இல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததும் அதே வெயிலை நம்பித்தான். அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரியது என்றார்கள். வீட்டுக் கணக்கு பிசகுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, மின்கட்டணப் படிகள். இன்னொன்று, உப்பு.

முதலில் கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு, அதற்கு மேல் 400 வரை நாலேமுக்கால் ரூபாய் வாக்கில், 500 வரை ஆறரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 500-ஐத் தாண்டியதும் அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடும். 101-இல் இருந்தே நாலேமுக்கால். 501 முதல் 600 வரை எட்டரை ரூபாய், 800 வரை ஒன்பதரை, ஆயிரம் வரை பத்தரை வாக்கில், அதற்கும் மேலே போனால் பன்னிரண்டை நெருங்கும். 2024 ஜூலை கட்டண மாற்றத்துக்குப் பிறகு சில காசு முன்னே பின்னே இதுதான் நிலவரம், என் கணக்கு முழுவதும் இதை வைத்துத்தான்.

500-ஐத் தாண்டுவது எவ்வளவு கடிக்கும் என்று பாருங்கள். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,825 ரூபாய் வாக்கில் வருகிறது. 510 ஓடினால் 2,150. பத்தே யூனிட்டுக்கு 325 ரூபாய். கிரைண்டரை ரெண்டு நாள் கூடுதலாக ஓட்டியதற்குக் கொடுக்கிற அபராதம் என்று என் அத்தை சொல்வார்.

சோலார் போட்டால் என்ன நடக்கிறது? இரு திசை மீட்டர் வைப்பார்கள். பகலில் பேனல் தருவதில் வீட்டுக்குப் போக மீதி லைனுக்குப் போகும், ராத்திரி லைனில் இருந்து வாங்குவோம், இரண்டையும் கழித்து மிச்ச யூனிட்டுக்குத்தான் பில். அந்தக் கழித்தல் மேலே இருந்து நடக்கிறது. பேனல் தருகிற முதல் யூனிட், நாம் வாங்குவதிலேயே விலை கூடிய யூனிட்டை வெட்டுகிறது. போகப்போக மலிவான யூனிட்டை வெட்டுகிறது. கடைசியில், அரசே இலவசமாகத் தருகிற 100 யூனிட்டைப் போய் வெட்டுகிறது. இனாமாக வருகிற தண்ணீருக்குப் பக்கத்தில் காசு கொடுத்துக் கிணறு வெட்டுகிற மாதிரி.

இதை எங்கள் வீட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். ஒரு பில்லுக்குச் சராசரி 720 யூனிட். ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ், போர் மோட்டார், மூன்று தலைமுறை ஆட்கள். பில் 4,055 ரூபாய். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு நாலில் இருந்து நாலரை யூனிட் தரும். உப்பு, தூசி, கரண்ட் கட், ஐப்பசி கார்த்திகை மேகம் எல்லாவற்றையும் கழித்து 4 என்றே வைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 240 யூனிட்.

2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் வரும். மீட்டரில் நிற்பது 240. பில் 425 ரூபாய். ஒரு பில்லில் 3,630 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 21,780.

3 கிலோவாட் போட்டால் 720-ம் கழிந்து பில் பூஜ்யம். வருஷ மிச்சம் 24,330.

இப்போது செலவு. எங்களுக்குச் சொன்ன விலை 2 கிலோவாட்டுக்கு 1,35,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000 மானியம். 78,000-க்கு மேல் எவ்வளவு பெரிய அமைப்புக்கும் இல்லை. ஆக, கையில் இருந்து போவது 75,000 அல்லது 1,17,000. அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் நான் கூடுதலாகப் போடுவது 42,000. அது எனக்கு மீட்டுத் தருவது வருஷத்துக்கு 2,550. பதினாறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு கிலோவாட்டும் நாலு வருஷத்துக்குள் போட்ட பணத்தைத் திருப்பிவிடும்.

ஒரே கூரை, ஒரே வெயில், ஒரே பேனல். ஆனால் நாலு வருஷம் எங்கே, பதினாறு வருஷம் எங்கே! “மானியம் முழுசாக 3 கிலோவாட்டுக்குத்தான் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்” என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மானியத்தை முழுசாக வாங்குவதற்காகக் கைக்காசை விடுவது என் புத்திக்கு எட்டவில்லை. இன்னொரு ஏசி வரப்போகிறது, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறோம், வெளிநாட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு திரும்பப்போகிறான் என்றால் அது வேறு. அப்போது மூன்றாவது கிலோவாட்டும் விலை கூடிய படியை வெட்ட ஆரம்பிக்கும்.

சின்ன வீடுகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராகப் பேசும். 260 யூனிட் ஓடும் ஒரு மீனவர் வீடு. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இப்படி எத்தனையோ. பில் 520 ரூபாய். வருஷத்துக்கு 3,120. ஒரே ஒரு கிலோவாட் போட்டு மானியம் போக 40,000 ரூபாய் செலவழித்தால் பில் பூஜ்யமாகிவிடும், உண்மைதான். ஆனால் போட்ட பணம் திரும்ப கிட்டத்தட்ட 13 வருஷம். அதற்குள், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒரு தடவை புதுசாக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்கு நான் சோலார் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, 28 அல்லது 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு மாட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறொரு வகை வீடு உண்டு. பெரிய மாளிகை, நாலு ஏசி, ஆனால் வருஷத்தில் பத்து மாதம் வயதான ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மே, ஜூனில் துபாயில் இருந்தும் சென்னையில் இருந்தும் எல்லாரும் வந்து இறங்கினால் ஒரே பில் ஆயிரத்தைத் தாண்டும். மற்ற ஐந்து பில்லும் 200-ஐத் தொடாது. அந்த ஒரு பில்லைப் பார்த்துவிட்டு 5 கிலோவாட் போட்டவர்கள் இருக்கிறார்கள். மிஞ்சின யூனிட் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும், சரி. ஆனால் கழிப்பதற்கு அங்கே பில்லே இல்லையே. அதனால்தான் ஆறு பில்லையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள் என்கிறேன். சராசரி ஆளை ஏமாற்றும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கைப் பொருள் என்றும் 30 பங்கைச் சேவை என்றும் பிரிப்பார்கள், சேவைக்கு 18 சதவீதம். ஆக மொத்தத்தில் 8.9 சதவீதம்தான் வர வேண்டும். பழைய தாளில் இருந்த 13.8-ஐயே இன்னும் போட்டிருந்தால் கேளுங்கள். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சின்னச் சதுரங்களான சூரிய செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். என்பார்கள். அது சற்று விலை கூடத்தான். “மலிவாகத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், மானியத்துக்குச் செல்லும் பேனல்தானா என்பதுதான் முதல் கேள்வி.

கையில் பணம் இல்லாமல் கடனில் போடுகிறவர்களுக்கு: 75,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 1,485 வாக்கில். எங்கள் வீட்டு மிச்சம் மாதத்துக்கு 1,800. தவணையை மிச்சமே கட்டிவிடும். ஆனால் மானியம் வேலை முடிந்து, மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்துக்கும் வழி வேண்டும்.

இனி உப்பு. இதைப் பற்றித்தான் மதுரைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் எழுதுகிற கணக்குகளில் ஒரு வரியும் இருக்காது.

மண்டபத்தில் என் சித்தப்பா வீட்டு மாடியில் பேனல் ஏறி பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போன ஆடியில் போனபோது எலக்ட்ரீஷியன் ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, ஒரு நட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது, கருவாட்டுச் செதில் மாதிரி. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நட்டு திரும்பவில்லை, முனை மழுங்கி வழுக்கியது. பேனலும் சட்டமும் புதுசு மாதிரி மின்னுகின்றன. பிடித்து வைத்திருக்கிற போல்ட்தான் போய்விட்டது. “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், இது பறக்காதா?” என்று சித்தி கேட்டார். ஒரு பேனல் 28 கிலோ வாக்கில் இருக்கும், அம்மியைவிட அகலம், காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு போன காற்றைப் பார்த்த கரை இது. சித்தி கேட்டது வெறும் கேலி இல்லை.

விலைப்பட்டியல் போட்டவர் அங்கே மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று விசாரித்தேன். மொத்த அமைப்புக்கும் சாதா போல்ட்டுக்குப் பதில் நல்ல ஸ்டெயின்லெஸ் போட்டிருந்தால் சில ஆயிரம்தான் கூடியிருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304 என்ற ரகம் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு, 316 என்பது கடலோரத்துக்கு. ஸ்டாண்டுக்கு ஜி.ஐ. என்றால் மேலே துத்தநாகம் தடவியது போதாது. வெட்டி, துளையிட்ட பிறகு உருகிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். மாடியில் வைத்துத் துளை போட்டால் அந்தத் துளையில் இருந்துதான் துரு ஆரம்பிக்கும். அலுமினியச் சட்டத்தில் எர்த்துக்கான செம்புக் கம்பியை அப்படியே முறுக்கிக் கட்டினாலும் அதே கதை. இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம்: ஒன்று மற்றதைத் தின்னும். வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பேனல் உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்பதற்கு ஐ.இ.சி. 61701 என்று ஒரு தரம் இருக்கிறது. அதன் சான்றிதழைக் கேளுங்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டவே கூடாது. மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டம் இருந்தும் நேர்க்காற்று படாத இடம் நல்லது.

உப்பு பேனலின் முகத்திலும் படியும். சோழகம் என்கிற தென்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரைக்கும், வாடை என்கிற வடகாற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) கரைக்கும் திவலை வந்து சேரும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் மணலையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏறினால் அது சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகும். வாடைக்காலத்தில் மழை வந்து கழுவிவிடும். மாசியில் இருந்து புரட்டாசி வரைக்கும் நாம்தான் கழுவ வேண்டும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

எதைக் கொண்டு கழுவுவது? கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இல்லை. போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும், கழுவாமலே விட்டிருக்கலாம். காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைப்பதே பாடு. ஆனால் 2 கிலோவாட்டுக்கு நாலு பேனல்தான். இரண்டு குடம் நல்ல தண்ணீரும் நீளக்கழி வைத்த மெத்தென்ற துடைப்பானும் போதும். விடிவதற்குள் செய்துவிட வேண்டும், பனி ஈரத்திலேயே பாதி அழுக்கு ஊறியிருக்கும். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கமுதியில் இதற்கு ரோபோ வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என்னை வைத்திருக்கப் போகிறார்கள்.

மாடியில் கருவாடு காயப்போடுகிற வீடாக இருந்தால் காக்கை நிச்சயம். எச்சம் விழுந்த சதுரம் மட்டும் மின்சாரம் தராமல், மற்ற சதுரங்கள் தருவதைத் தாங்கிச் சூடாகும். நாள்பட்டால் அந்த இடம் கருகும். கருவாட்டையும் பேனலையும் ஒரே மாடியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். பக்கத்துத் தென்னை மட்டையின் நிழலும் இப்படித்தான், ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுவதையும் இழுத்துவிடும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும்.

சாய்வு பெரிய விஷயம் இல்லை. ராமேஸ்வரம் பக்கம் சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிப் பொழுதுக்குச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும், ஆவணியில் மறுபடியும். நடுவில் வடக்குப் பக்கம் போய்விடும். அதனால் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். அதுவும் முக்கியமாக மழைநீர் வழிந்தோடத்தான். சாய்வைக் கூட்டினால் காற்றுக்குத்தான் வசதி. ஆள் நடமாடும் உயரத்துக்கு ஸ்டாண்ட் வைத்துக் கீழே துணி காயப்போடலாம் என்று ஆசைப்படுபவர்கள், அந்த இரும்புக்கும் அடித்தளத்துக்கும் கூடுகிற செலவைக் கணக்கில் சேர்க்கட்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

பராமரிப்புக்கு வருஷம் 2,000 ரூபாய், போல்ட் இறுக்க, எர்த் பார்க்க. இதைக் கழித்தால் எங்கள் 2 கிலோவாட்டின் நிகர மிச்சம் 19,780. போட்ட பணம் நாலு வருஷத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிடும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இன்வெர்ட்டருக்கு 25,000 வாக்கில் ஒதுக்கி வைக்கிறேன். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் என்பது உற்பத்தி எவ்வளவு குறையலாம் என்பதற்கான உத்தரவாதம். வருஷத்துக்கு அரை சதவீதம் வாக்கில் குறையும். துருப்பிடித்த ஸ்டாண்டுக்கு அதில் இடம் இல்லை.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். லைனோடு இணைந்த சாதா சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், பட்டப்பகலிலும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். புயல் அடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது மாடியில் பேனல் வெயில் காயும், கீழே நாம் மெழுகுவர்த்தி தேடுவோம். பேட்டரியோடு ஹைபிரிட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் செலவு எகிறி நாலு வருஷக் கணக்கு செத்துப்போகும். ஃபேன், லைட்டுக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பேட்டரியே போதும் என்பது என் கட்சி. அதே மாதிரி, லைன் கடைசியில் இருக்கிற வீடுகளில் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சோலார் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும். போடுவதற்கு முன் ஒரு வாரம் மத்தியான நேரத்து வோல்டேஜைக் குறித்து வைத்தால் பின்னால் சண்டை மிச்சம்.

அப்புறம் காகிதம். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு என்று காத்திருக்க வேண்டியதில்லை, 2024 விதிகளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம். எங்கள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயர் இருக்கிறது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாரிசுச் சான்று வேண்டும், மண்டபத்துச் சித்தப்பா சாட்சிக்கு வர வேண்டும், காரைக்குடியில் இருக்கும் தங்கை கையெழுத்துப் போட வேண்டும். பேனலை இரண்டே நாளில் ஏற்றிவிடலாம் என்கிறார் அந்தத் தம்பி. தங்கை தீபாவளிக்குத்தான் வருகிறாளாம்.